கலகச் சட்டமும் கடைக்காரரும்



கடை வைத்திருப்பவர்களுக்கு லைசென்ஸ் விஷயம் தெரியும். வாடகை ஒப்பந்தம், வரி, வேலையாள் பெர்மிட் இவைகளும் தெரியும். தெரியாவிட்டால் கடை நடக்காது. ஆனால் தெருவில் பத்துப் பேர் கூடிச் சச்சரவு நடக்கும்போது அதில் நிற்பவர் மீது எந்தச் சட்டம் பாயும் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர், "அடித்தவனைப் பிடிப்பார்கள், வேடிக்கை பார்த்தவனை என்ன செய்வார்கள்?" என்றுதான் பதில் சொல்கிறோம். இது பாதிதான் சரி. மற்றப் பாதி தெரியாததால் ஊரிலிருந்து வந்து கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன் சிறைக்கும் போகலாம், பிரம்படியும் வாங்கலாம். நான் வக்கீல் அல்ல, கடைக்காரன். சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் கேட்டு, நமக்கு வேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

முதலில் இச்சட்டத்தின் பூர்வீகம். இந்தியாவுக்கென்று மெக்காலே பிரபு 1837ல் ஒரு நகல் தயாரித்தார். அது இந்தியத் தண்டனைச் சட்டமாக 1860ல் நிறைவேறி 1862ல் அமலுக்கு வந்தது. அதையே ஏறக்குறைய அப்படியே எடுத்து நீரிணைக் குடியேற்றங்களுக்கு, அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவுக்கு, 1871ல் சட்டமாக்கினார்கள். 1872 செப்டம்பர் 16ந் தேதி முதல் அது இங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆகவே 141லிருந்து 158 வரை உள்ள பிரிவுகளின் எண்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒன்றே. நம் முன்னோர் ஊரிலும் இதே எண்கள்தாம் வெகுகாலம் இருந்தன. 2024 ஜூலை முதல் இந்தியாவில் புதுச் சட்டம் வந்து, இவை 189, 190, 191 என்று எண் மாறிவிட்டன. சாரம் மாறவில்லை.

பினாங்கு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இச்சட்டம் இங்கு வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு, 1867 ஆகஸ்டில், ஜார்ஜ் டவுனில் சுமார் பத்து நாள் பெருங்கலகம் நடந்தது. அதைச் சீன ரகசியச் சங்கங்களின் சண்டை என்று மட்டும் நினைக்கிறோம். அப்படியன்று. ஒரு சீனச் சங்கத்தோடு வெள்ளைக் கொடியும், எதிர்ச் சங்கத்தோடு சிவப்புக் கொடியும் சேர்ந்து கொண்டன. அந்தக் கொடிச் சங்கங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும், ஜாவி பெரானாக்கான்களும், நம்மவர்களும்தாம். முஹர்ரம் கொண்டாட்டத்துக்காகத் தொடங்கிய கூட்டங்கள் அவை. அந்தக் கலகத்துக்குப் பிறகே விசாரணைக் கமிஷன் அமைந்து, 1869ல் ஆபத்தான சங்கங்களை அடக்கும் சட்டம் பிறந்தது. ஆகவே கலகச் சட்டம் என்பது வேறு யாருக்கோ எழுதப்பட்டது, சாதுவான வியாபாரிகளாகிய நமக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் சரித்திரம் ஒத்துக்கொள்ளாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

கலகம் என்பதற்கு அடிப்படை "சட்டவிரோதக் கூட்டம்". 141ம் பிரிவு சொல்வது இது: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடியிருக்க வேண்டும், அவர்களுக்கு ஒரு பொது நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கம் சட்டத்தில் கூறப்பட்ட ஐந்து வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். பலாத்காரத்தைக் காட்டி சர்க்காரையோ சர்க்கார் ஊழியரையோ பணிய வைப்பது ஒன்று. சட்டப்படி நடக்கும் காரியத்தை எதிர்த்துத் தடுப்பது இரண்டாவது. ஏதாவது ஒரு குற்றத்தைச் செய்வது மூன்றாவது. ஒருவரைப் பலாத்காரமாக, அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்ய வைப்பதோ, செய்ய உரிமையுள்ளதைச் செய்யாமல் தடுப்பதோ ஐந்தாவது. நாலாவதைத் தாண்டிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வியாபாரிகளாகிய நமக்கு அதுதான் முக்கியம். ஆகவே தனியே எடுத்துக்கொள்கிறேன்.

பலாத்காரத்தால் ஒரு சொத்தைக் கைப்பற்றுவதும், ஒருவர் அனுபவித்து வரும் வழியையோ தண்ணீரையோ தடுப்பதும், "ஓர் உரிமையை அல்லது உரிமை என்று எண்ணிக்கொண்டதை" நிலைநாட்டுவதும் நாலாவது வகை. இந்தக் கடைசி வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். உரிமை பொய்யாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உண்மையான உரிமையாகவே இருக்கட்டும். ஐந்து பேர் சேர்ந்து பலாத்காரத்தால் அதை நிலைநாட்டப் போனால் அது சட்டவிரோதக் கூட்டம்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு மொத்த வியாபாரி மளிகைச் சாமான் கடனுக்குக் கொடுக்கிறார். 8,000 வெள்ளி பாக்கி. கடன்காரர் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார். ஒரு நாள் இவர் பொறுமை இழந்து, மகன், மைத்துனன், கடைப்பையன்கள் இருவர் ஆகியோரை வேனில் ஏற்றிக்கொண்டு கடன்காரர் கடைக்குப் போகிறார். "பணம் வை, இல்லாவிட்டால் அரிசி மூட்டைகளைத் தூக்கிப் போடு வண்டியில்" என்பது திட்டம். அவரோடு சேர்த்து எண்ணுங்கள், ஐந்து. கடன் உண்மை, கணக்குப் புத்தகம் உண்மை, கையெழுத்து உண்மை. ஆனால் அங்கே நிற்பது சட்டவிரோதக் கூட்டம். இதுவரை யாரும் யாரையும் தொடவில்லை. அப்படியிருந்தும் 143ம் பிரிவின்படி ஒவ்வொருவருக்கும் இரண்டு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

இப்போது கடன்காரர் வாசலை மறிக்கிறார். மைத்துனன் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறான். ஒரே ஒரு தள்ளு. அந்த நிமிஷத்தில் சட்டவிரோதக் கூட்டம் கலகமாக மாறிவிட்டது. 146ம் பிரிவு சொல்கிறது: கூட்டமோ, கூட்டத்தில் எந்த ஒருவரோ, பொது நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டுப் பலத்தையோ வன்முறையையோ உபயோகித்தால், கூட்டத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரும் கலகக் குற்றவாளி. வேனின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த பையனும் சரி, கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த மகனும் சரி. சிங்கப்பூரில் கலகத்துக்கு 147ம் பிரிவின்படி ஏழு வருஷம் வரை சிறை, அதற்கு மேல் பிரம்படியும் விதிக்கலாம். மலேசியாவில் அதே எண்ணுள்ள பிரிவில் இரண்டு வருஷம் வரை. தள்ளியவன் தனியாகப் போயிருந்தால் அது வெறும் கைகலப்பு வழக்கு. ஐந்து பேராகப் போனதால் இவ்வளவு பெரிதாகிவிட்டது.

அந்த வியாபாரிக்கு வேறு வழி இல்லையா? உண்டு. சாமான் விற்ற பாக்கிக்குச் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை, அங்கே கேட்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. நம்மவர்களில் பலர் மூன்று நாலு வருஷம் முகத்துக்காகப் பொறுத்துவிட்டுக் காலம் கடந்து போகிறார்கள். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு அந்த மன்றம் கிடையாது. அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டு, 60,000 வெள்ளி வரை.

இதே நாலாவது வகையில் இன்னொன்றும் அகப்படும். வாடகைக்காரரை வெளியேற்ற ஆட்களை அழைத்துவந்து சாமான்களை அஞ்சடியில் எறிவது. கட்டடச் சொந்தக்காரர் அங்கே வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் தப்ப முடியாது. ஆளை அமர்த்திச் சட்டவிரோதக் கூட்டத்துக்கு அனுப்பியவரும் அதில் சேர்ந்தவர் போலவே தண்டிக்கப்படுவார் என்கிறது 150ம் பிரிவு. யாருடைய நன்மைக்காகக் கலகம் நடந்ததோ அவர், அது நடக்கப் போகிறது என்று நினைக்கக் காரணம் இருந்தும் தம் சக்திக்குட்பட்ட சட்டப்படியான வழிகளால் தடுக்கவில்லை என்றால், அபராதம் செலுத்த வேண்டும் என்கிறது 155.

"ஐந்து பேர்" என்ற எண்ணைப் பற்றிச் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டுக்கடை மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்தாலே குற்றம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படியில்லை, பொது நோக்கம் வேண்டும். மறுபக்கம், நாலு பேர்தான் இருந்தோம், ஆகவே ஒன்றுமில்லை என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. இரண்டு பேர் பொது இடத்தில் சண்டை போட்டு அமைதியைக் குலைத்தாலே சிங்கப்பூரில் 267பி பிரிவில் குற்றம்; ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர்வலம், பொதுக்கூட்டம் இவைகளுக்கு அனுமதி வாங்குவது முற்றிலும் வேறு சட்டம். 2009ல் வந்த பொது ஒழுங்குச் சட்டத்தில் ஒரே ஆள் நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்கும் அனுமதி வேண்டும். "ஐந்து" என்ற பேச்சே அங்கில்லை. சங்கக் காரியதரிசிகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து பேரில் இருவர் விடுதலையானால் மற்ற மூவர் கதி என்ன என்றும் கேட்கிறார்கள். வேறு யாரும் அதில் இல்லை என்றால் எண்ணிக்கை ஐந்துக்குக் குறைந்துவிடுகிறது. கலகக் குற்றம் நிற்காது. ஆனால் அடையாளம் தெரியாமல் ஓடிப்போனவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள் என்று நிரூபித்துவிட்டால் அவர்களையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

இனி, "சும்மா நின்றேன்" என்பதற்கு வருகிறேன்.

142ம் பிரிவு, கூட்டத்தைச் சட்டவிரோதமாக்கும் விஷயங்களைத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே அதில் சேர்பவரை அல்லது "தொடர்ந்து இருப்பவரை" உறுப்பினர் என்கிறது. ஆகவே தெரியாமல் அகப்பட்டுக்கொண்டவர் உறுப்பினர் அல்லர். வழியில் போனவர், கடையை அடைக்க ஓடி வந்தவர், வேடிக்கை பார்த்தவர், இவர்கள் பொது நோக்கத்தில் பங்கு கொண்டதாக அரசாங்கத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு சிக்கல். கூட்டம் கூடும்போது யோக்கியமான கூட்டமாகவே கூடியிருக்கலாம். பிறகு அது சட்டவிரோதமாக மாறலாம் என்று 141ம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஜனாஸாவுக்குக் கூடிய கூட்டம், பந்து விளையாட்டு பார்க்கக் கூடிய கூட்டம், விபத்தைப் பார்க்கக் கூடிய கூட்டம், எதுவும் மாறலாம். மாறியது தெரிந்த பிறகும் ஒருவர் அங்கேயே நின்றால், அதுவும் ஆரவாரம் செய்துகொண்டு நின்றால், வேடிக்கைக்காரர் எப்போது உறுப்பினரானார் என்ற கோடு மிகவும் மெல்லியது.

இந்தியச் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கோட்டைப் பற்றி இரண்டு முக்கியமான தீர்ப்புகள் சொல்லியிருக்கிறது. சட்டத்தின் மூலம் ஒன்றே என்பதால் அவற்றைத் தெரிந்துகொள்வது பயன். 1956ல் பலாதீன் வழக்கில், வெறும் பிரசன்னம் மட்டும் போதாது, ஏதாவது செய்திருக்க வேண்டும் என்பதுபோல் ஒரு வாசகம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும், "நான் கை நீட்டவில்லை, ஆகவே குற்றமில்லை" என்று வாதாடத் தொடங்கினார்கள். 1964ல் மஸால்தி வழக்கில் அதே கோர்ட்டு, அந்த வாசகம் சும்மா பார்க்க வந்தவர்களும் கலந்திருந்த ஒரு சூழ்நிலைக்குச் சொன்னது. பொது நோக்கத்தோடு வந்தவர் என்று தெரிந்தால் அவர் கை நீட்டியதாகத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என்று விளக்கிவிட்டது. அதே தீர்ப்பில், பெருங்கூட்டத்தில் நடந்த குற்றத்துக்கு ஒரே சாட்சியின் வாயை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று பேராவது ஒத்துச் சொல்கிறார்களா என்று பார்ப்பது நல்லது என்றும் சொல்லப்பட்டது. குற்றமற்றவருக்கு இது ஒரு பாதுகாப்பு. இன்றைக்குச் சாட்சிக்குப் பதில் கேமரா வந்துவிட்டது. நம் கடை வாசலிலேயே இருக்கிறது. யார் எங்கே எத்தனை நிமிஷம் நின்றார், கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கலைந்து போகும்படி போலீஸ் உத்தரவிட்ட பிறகு நிலைமை இன்னும் கடுமை. உத்தரவு தெரிந்தும் சட்டவிரோதக் கூட்டத்தில் இருப்பது 145ம் பிரிவில் பெருங்குற்றம். கூட்டம் சட்டவிரோதமாக இல்லாவிட்டாலும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் கூடி அமைதிக்குப் பங்கம் வரும்போலிருந்து, கலையச் சொன்ன பிறகும் நின்றால் 151ம் பிரிவு பாயும். அங்கே பொது நோக்கம் நிரூபிக்க வேண்டிய வேலையும் இல்லை.

சிராங்கூன் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு 2013 டிசம்பர் 8ந் தேதி இரவைச் சொல்லி விளங்க வைக்க வேண்டியதில்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பஸ் ஒன்றின் அடியில் அகப்பட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு கட்டுமானத் தொழிலாளி இறந்தார். கூடியது விபத்தைப் பார்த்த கூட்டம்தான். அதிலிருந்து சுமார் 400 பேர் சம்பந்தப்பட்ட கலவரம் மூண்டு, ஐந்து வாகனங்கள் தீக்கிரையாயின. 25 பேர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். கலைந்து போகச் சொன்ன பிறகும் போகாத குற்றத்துக்காக ஒருவருக்கு 15 வாரச் சிறை. கலகக் குற்றத்தில் அகப்பட்ட சிலருக்கு இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட சிறையும் பிரம்படியும். வழக்கில் அகப்படாத 57 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் ஊரில் அப்படியே நிற்க, இங்கே பிழைப்புப் போய்விட்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் பிறகு 2015ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, இரவு 10.30க்கு மேல் சில்லறையாக மது விற்பதற்குத் தடையும், சிராங்கூன், கேலாங் வட்டாரங்களுக்கு அதிகக் கட்டுப்பாடும் ஏற்பட்டன. நம்மவர்கள் மது விற்பவர்கள் அல்லர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்ததில் நட்டம் எல்லாக் கடைக்கும்தான்.

வேலையாட்களை வைத்திருக்கும் முதலாளிகள் இதைப் பையன்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "முதலாளி, நான் ஒண்ணும் செய்யலியே, செல்போன்ல படம் மட்டும்தான் எடுத்தேன்" என்று அவன் பிற்பாடு சொல்வதைக் காட்டிலும், கூட்டம் கூடினால் கடைக்குள் வந்து கதவை இழுத்துவிடு என்று முன்னாலேயே சொல்லி வைப்பது எளிது.

அடுத்தது 149ம் பிரிவு. கலகத்தைவிடப் பயங்கரமானது இது. பொது நோக்கத்தை நிறைவேற்றும்போது கூட்டத்தில் ஒருவன் எந்தக் குற்றம் செய்தாலும், அல்லது அது நடக்கக்கூடும் என்று உறுப்பினர்கள் அறிந்திருந்தாலும், அந்தக் குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு. கொலையானால் கொலைக்கே பொறுப்பு. சிங்கப்பூரில் இதற்குப் பெரிய சாட்சி புலாவ் செனாங் வழக்கு. அந்தத் தீவில் ரகசியச் சங்கத்துக்காரர்களை விசாரணையின்றிக் காவலில் வைத்து, வேலை செய்ய வைத்துத் திருத்தப் பார்த்தார்கள். 1963 ஜூலை 12ந் தேதி அவர்கள் கிளம்பித் தீவின் கண்காணிப்பாளர் டேனியல் டட்டனையும் உதவியாளர் சிலரையும் கொன்று, கட்டடங்களைக் கொளுத்தினார்கள். ஏழு ஜூரிகள் முன்னிலையில் 58 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 1964 மார்ச்சில் தீர்ப்பு. 18 பேருக்குக் கொலைக்காகத் தூக்கு. 18 பேருக்குப் பயங்கர ஆயுதத்தோடு கலகம் செய்ததற்காக மூன்று வருஷம். 11 பேருக்குக் கலகத்துக்காக இரண்டு வருஷம். 11 பேர் விடுதலை. அந்தப் பதினெட்டுப் பேரும் 1965 அக்டோபர் 29ந் தேதி தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே தீவு, ஒரே பகல், ஒரே கூட்டம். யார் எந்த நோக்கத்தில் பங்கு கொண்டார் என்பதைப் பிரித்துப் பார்த்ததில் இவ்வளவு வித்தியாசம்.

பயங்கர ஆயுதம் என்றால் துப்பாக்கியும் பாராங்கும் மட்டும் என்று எண்ண வேண்டாம். தாக்குவதற்கு உபயோகித்தால் உயிர் போகக்கூடிய எதுவும் ஆயுதம். பெட்டி அறுக்கும் கத்தி, ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பி எல்லாம் அதில் சேரலாம். 148ம் பிரிவில் பத்து வருஷம் வரை சிறையும் பிரம்படியும். பிரம்படி பெண்களுக்கும் 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கிடையாது. ஆகவே முதலாளி தப்புவார், பையன் வாங்குவான்.

"வன்முறை" என்பது ஆளை அடிப்பது மட்டுமல்ல, சொத்தை உடைப்பதும் சேரும். ஆளில்லாத கடையின் கண்ணாடியை உடைத்தாலும் கலகம்தான்.

நம் நகரத்தில் நடந்த பெருங்கலவரங்கள் மூன்றைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லாமல் போக முடியாது. 1950 டிசம்பரில் நாத்ரா என்ற மரியா ஹெர்டோக் வழக்கின்போது 18 பேர் மாண்டு 173 பேர் காயமடைந்தார்கள். அப்போது கைதாகிக் காவலில் வைக்கப்பட்டவர்களில் முஸ்லிம் லீக் தலைவரும் பத்திரிகை ஆசிரியருமான கரீம் கனி ஒருவர். இறந்தவர்களில் பலர் வழியில் போன ஐரோப்பியரும் யுரேஷியரும். அந்த வழக்கோடு அவர்களுக்கு என்ன சம்பந்தம்? 1964 ஜூலை 21ல் பாடாங்கிலிருந்து கேலாங் நோக்கிப் போன மீலாது ஊர்வலத்தின்போது கலவரம் மூண்டு 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயம். செப்டம்பரில் மறுபடி 13 பேர் இறந்தார்கள். 1969ல் மே 31லிருந்து ஒரு வாரம், நால்வர் இறப்பு, 80 பேர் காயம். ஊரடங்கு நாட்களில் கடையில் அழுகிப்போன காய்கறி, திறக்க முடியாத நாட்களின் வாடகை, வராத வாடிக்கை, இவைகளை எந்தக் கணக்கிலும் காணோம். மூன்றிலும் வதந்திதான் தீயைப் பரப்பியது. கலகம் மூளும் என்று தெரிந்தே சட்டவிரோதமான ஒன்றைச் செய்து ஆத்திரமூட்டுவது 153ம் பிரிவில் தனிக் குற்றம். இன, மதப் பகையைக் கிளப்புவதற்கு வேறு சட்டங்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நாலு குழுவுக்குத் தள்ளிவிடும் பழக்கம் உள்ள பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இனி நம் கடையைக் கலகக்காரர் தாக்க வந்தால் நாம் என்ன செய்யலாம்? தன் உடலையும் சொத்தையும், பிறருடையதையும்கூட, காத்துக்கொள்ள 96ம் பிரிவு முதலாகச் சட்டம் உரிமை தருகிறது. இது தற்காப்பு உரிமை. இரண்டு எல்லைகள் உண்டு. போலீஸை அழைக்கப் போதிய அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. கல்லெறிந்துவிட்டு ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டு அடுத்த தெரு வரை போய் அடித்தால் அது தற்காப்பு அல்ல, பழிவாங்கல். கடைக்காரர்கள் ஆறேழு பேராகச் சேர்ந்து துரத்தினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன எண்ணிக்கையிலிருந்து நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

கட்டடமோ நிலமோ உள்ளவர்களுக்கு 154ம் பிரிவு ஒரு கடமை வைக்கிறது. தம் இடத்தில் சட்டவிரோதக் கூட்டம் கூடுகிறது, அல்லது கூடும் என்று தெரிந்தால், அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். தடுக்கத் தம்மால் ஆனதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். குற்ற நடைமுறைச் சட்டத்தின் 424ம் பிரிவின்படி, சொந்தக்காரர் மட்டுமல்ல, யாராயிருந்தாலும் கலகம் பற்றித் தெரிந்ததைத் தக்க காரணமின்றி மறைக்கக்கூடாது. "நமக்கேன் வம்பு" என்பது தக்க காரணமாகாது.

கடைசியாக இன்ஷூரன்ஸ். இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதத் தொடங்கினேன் என்றாலும் தவறில்லை. 1924ல் லண்டன் பிரபுக்கள் சபை, அதுவே அங்கு அப்போது மேல் கோர்ட்டு, ஒரு ரொட்டிக் கடை வழக்கைத் தீர்த்தது. டப்ளின் நகரத்தில் போலண்ட்ஸ் என்ற ரொட்டிக் கம்பெனிக்குள் கைத்துப்பாக்கியோடு நாலு பேர் புகுந்து, வேலையாட்களை மிரட்டிப் பணத்தை எடுத்துப் போனார்கள். கம்பெனியிடம் திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆனால் பாலிசியில் "கலகத்தால் வரும் நட்டத்துக்குப் பொறுப்பில்லை" என்று ஒரு வரியும் இருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை, கூட்டமும் இல்லை. அது எப்படிக் கலகமாகும் என்று கடைக்காரர் தரப்பு கேட்டது. ஆங்கிலச் சட்டத்தில் அப்போது மூன்று பேர் சேர்ந்து பலாத்காரம் செய்தாலே கலகம், வந்தவர் நால்வர், ஆகவே இது கலகமே என்று தீர்ப்பாயிற்று. போலண்ட்ஸ் கம்பெனிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

நம் கடைகளின் சாதாரணத் தீ இன்ஷூரன்ஸிலும் பெரும்பாலும் கலகம், வேலைநிறுத்தம், உள்நாட்டுக் குழப்பம் இவைகளால் வரும் தீக்கும் சேதத்துக்கும் பணமில்லை என்று எழுதியிருக்கும். கொஞ்சம் பிரீமியம் கூடக் கட்டினால் "கலகம், வேலைநிறுத்தம், தீய நோக்கச் சேதம்" என்ற சேர்க்கையை வாங்கிக்கொள்ளலாம். பாலிசியைப் புதுப்பிக்கும் சமயத்தில் ஏஜெண்டிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். சேர்க்கை இருந்தால் அதில் சரக்கு சேருமா, கண்ணாடி சேருமா, வேன் சேருமா, கடை மூடிக்கிடக்கும் நாட்களின் வருமானம் சேருமா, சேதம் நடந்து எத்தனை நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. பாலிசியோடு ஒட்டிய தாளில் அச்சில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலிசியின் நகலும் சரக்குக் கணக்கின் பிரதியும் கடை மேசைக்குள் மட்டும் இருந்தால் கடையோடு சேர்ந்து எரிந்துபோகும். வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.